பேன்ட் பாக்கெட்டில் கைபேசி: சுவிஸ் ஆய்வில் செய்திகள் விட்டுவிட்ட பகுதி

2023 நவம்பர் 1 அன்று 'ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி' என்ற மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து இளைஞர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியானது. நாளுக்கு 20 முறைக்கு மேல் கைபேசியை எடுப்பவர்களின் விந்தணு அடர்த்தி, வாரம் ஒரு முறைக்கு மேல் எடுக்காதவர்களைவிட 21 சதவீதம் குறைவு என்பது அதன் முதல் முடிவு. உலகம் முழுவதும் செய்தியான முடிவும் அதுதான். 'கைபேசியைப் பாக்கெட்டில் வைக்காதீர்கள்' என்ற அறிவுரையைச் சொல்பவர்கள் இன்றுவரை இந்த ஆய்வையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

பாக்கெட்டைப் பற்றி அந்த ஆய்வு சொன்னதோ இதற்கு நேர்மாறானது. பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தவர்களுக்கும் உடலை விட்டுத் தள்ளி வைத்திருந்தவர்களுக்கும் விந்தணுவில் வேறுபாடு தெரியவில்லை. அதே கட்டுரையின் சுருக்கத்திலேயே இது இருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு தம்பதி செய்தியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, கைபேசியை மேசைக்கு மாற்றியதே சிகிச்சை என்று எண்ணி ஒரு வருடத்தைக் கழித்தால் அந்த வருடம் திரும்பி வராது. அதனால்தான் இந்த ஒரே ஆய்வை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது, எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

யாரிடம் அளந்தார்கள்

விந்தணு ஆய்வுகளின் பெரிய பலவீனம், மாதிரி எங்கிருந்து வருகிறது என்பது. ஆரோக்கியமான இளைஞன் யாரும் தானாக ஆய்வகத்துக்கு வந்து விந்து மாதிரி தர மாட்டான். ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் கருத்தரிப்பு மையங்களுக்கு வரும் ஆண்களை நம்பியே நடக்கின்றன. ஏற்கெனவே ஏதோ சிக்கல் இருப்பதால் வந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கொண்டு ஊரையே எடைபோட முடியாது.

சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. அங்கே இளைஞர்கள் அனைவருக்கும் ராணுவ சேவைக்கான தேர்வு கட்டாயம். 18 வயதை ஒட்டி ஏதாவதொரு ராணுவத் தேர்வு மையத்துக்கு வந்தே தீர வேண்டும். ஜெனிவா பல்கலைக்கழகத்தின் செர்ஜ் நெஃப், ரீட்டா ரஹ்பான் ஆகியோரின் குழு அந்த வாசலில் காத்திருந்தது. 2005 முதல் 2018 வரை ஆறு தேர்வு மையங்களில் 18 முதல் 22 வயது வரையிலான இளைஞர்களிடம், விருப்பப்பட்டால் மாதிரி தரும்படி கேட்டார்கள். கைபேசி பற்றிய ஆய்வுக்குப் பயன்பட்டவை 2,886 பேரின் தரவுகள். கதிர்வீச்சு அளவீட்டில் தேர்ந்த மார்ட்டின் ரூஸ்லியும் அவர் பணியாற்றும் சுவிஸ் வெப்பமண்டல, பொது சுகாதார நிறுவனமும் இதில் இணைந்தன.

இதே இளைஞர் கூட்டத்தைப் பற்றிய முதல் பெரிய அறிக்கை 2019-இல் வந்தது. கைபேசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனக்கு அது 2023 கைபேசி ஆய்வைவிட அதிகக் கவலை தருகிறது. நடுமதிப்பு, அதாவது எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 4.8 கோடி விந்தணுக்கள். 17 சதவீதம் பேருக்கு அடர்த்தி 1.5 கோடிக்கும் கீழ். 43 சதவீதம் பேருக்கு இயல்பான உருவமுடைய விந்தணுக்கள் 4 சதவீதம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லா அளவுகோல்களையும் தாண்டியவர்கள் 38 சதவீதம் மட்டுமே. கருவில் இருந்தபோது தாய் புகைபிடித்திருந்தால் மகனுக்குப் பாதிப்பு கூடுவதாகவும் அந்த ஆய்வு காட்டியது. பணக்கார நாடு, தூய காற்று, நல்ல மருத்துவம் எல்லாம் இருந்தும் இளைஞர்களின் நிலை இதுதான். காரணம் தேடும் படலத்தில்தான் கைபேசி கேள்வித்தாளுக்குள் வந்தது.

என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது

கேட்டவை இரண்டு. நாளுக்கு எத்தனை முறை கைபேசியைப் பயன்படுத்துகிறீர்கள்? பயன்படுத்தாதபோது அதை எங்கே வைக்கிறீர்கள்? 'எத்தனை முறை' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நிமிடம் என்று கேட்கவில்லை. பேசுவதா, குறுஞ்செய்தியா, இணையமா என்ற பிரிவும் இல்லை. 2005-இல் 20 முறை என்றால் நோக்கியா போனில் 20 அழைப்புகளோ குறுஞ்செய்திகளோ இருந்திருக்கலாம். 2018-இல் 20 முறை என்பது காலை உணவுக்குள் முடிந்துவிடும்.

வாரம் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தாதவர்களின் நடுமதிப்பு மில்லிலிட்டருக்கு 5.65 கோடி. நாளுக்கு 20 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.45 கோடி. அந்த 21 சதவீதம் இங்கிருந்து வந்தது. ஒரு முறை வெளிப்படும் விந்தில் உள்ள மொத்த எண்ணிக்கையிலும் இதே சரிவு: 15.37 கோடியிலிருந்து 12 கோடி. அளவுகோலுக்குக் கீழே போகும் வாய்ப்பு, அடர்த்தியில் 30 சதவீதமும் மொத்த எண்ணிக்கையில் 21 சதவீதமும் கூடியது. ஆனால் விந்தணுக்களின் நகரும் திறனிலும் உருவத்திலும் சீரான தொடர்பு எதுவும் இல்லை.

4.45 கோடி என்பது மலட்டுத்தன்மை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி அடர்த்தியின் கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, மொத்த எண்ணிக்கைக்கு 3.9 கோடி. முதல் குழந்தைக்கு முயன்ற 430 டேனிஷ் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. அடர்த்தி 4 கோடி வரை கூடக் கூடக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் வாய்ப்பு கூடுவதில்லை. இந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் சுவிஸ் ஆய்வின் இரு குழுக்களும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. நடுமதிப்பைச் சொல்கிறேன், கோட்டின் விளிம்பில் இருக்கும் ஒருவருக்கு 21 சதவீதச் சரிவு பெரிய வேறுபாடாக இருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை.

பாக்கெட்டும் தூரமும்

கைபேசியின் கதிர்வீச்சு விந்தகத்தைப் பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதிகம் பாதிக்கப்பட வேண்டியவர்கள் யார்? கைபேசியை விந்தகத்துக்கு மிக அருகில் வைத்திருப்பவர்கள். சுவிஸ் இளைஞர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்தார்கள். பத்தில் ஒருவர் அளவில் உடலை ஒட்டாமல் வைத்திருந்தார்கள். இவர்களுக்கிடையே வேறுபாடு கிடைக்கவில்லை. தள்ளி வைத்தவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் சிறு வேறுபாடு கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை நியாயமானது. இருந்தாலும், எங்கே விளைவு மிக வலுவாகத் தெரிய வேண்டுமோ அங்கே தெரியவில்லை என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

இதன் இயற்பியலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயம் முழுவதும் இங்கேதான் குடியிருக்கிறது. கைபேசி அலையின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது அந்த அலையின் மிகச் சிறிய ஆற்றல் துணுக்குக்கு, 900 மெகாஹெர்ட்ஸில், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) பத்து லட்சத்தில் நான்கு பங்குகூட ஆற்றல் இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க, அதாவது எக்ஸ்-ரே செய்வதைப் போல டி.என்.ஏ.வை நேரடியாக முறிக்க, ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இடைவெளி பத்து லட்சம் மடங்குக்கும் மேல். ஆகவே 'கதிர்வீச்சு' என்றதும் அணு உலையை நினைப்பது தவறு. இந்த அலைகள் உடலில் உறுதியாகச் செய்வது ஒன்றே: திசுவைச் சற்றுச் சூடாக்குவது. எஸ்.ஏ.ஆர். என்ற அளவு, ஒரு கிலோ திசு எவ்வளவு வாட் ஆற்றலை உறிஞ்சுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக. அதற்கு முன் 2 வாட். *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகள் தங்கள் எஸ்.ஏ.ஆர். அளவைக் காட்டும்.

அடுத்தது தூரம். காதில் வைத்துப் பேசும்போது கைபேசி முழு மும்முரத்தில் அலைகளை அனுப்புகிறது. ஆனால் அது இருப்பது தலையருகில், விந்தகத்திலிருந்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் தள்ளி. தூரம் கூடக் கூட அலையின் வலு வேகமாகத் தேய்ந்துவிடும். பாக்கெட்டில் கிடக்கும்போது அருகில்தான் இருக்கிறது. ஆனால் அப்போது அது பெரும்பாலும் சும்மா இருக்கிறது, கோபுரத்துடன் அவ்வப்போது சிறு தகவல் பரிமாறிக்கொள்வதோடு சரி. ஸ்மார்ட்போன் வந்தபின் பின்னணியில் தரவு ஓடுவதால் அந்த 'சும்மா' நேரம் முன்புபோல் முழு அமைதியாக இல்லை என்பது உண்மை. இரண்டும் சேரும் நேரம் ஒன்று உண்டு: கைபேசி பாக்கெட்டில் இருக்க, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவது. அடிவயிற்றுப் பகுதிக்குப் போகும் அளவு கூடும் வழக்கம் இது. சுவிஸ் கேள்வித்தாள் அதைக் கேட்கவே இல்லை.

ஆக, 'நாளுக்கு எத்தனை முறை' என்ற எண், விந்தகத்துக்குப் போன கதிர்வீச்சின் அளவு ஆகாது. அது ஒருவனுடைய வாழ்க்கை முறையைக் காட்டும் எண். 2005-இல் நாளுக்கு 20 முறை கைபேசியை எடுத்த 19 வயது இளைஞனின் தூக்கம், உட்காரும் நேரம், இரவு விருந்து, பதற்றம் எல்லாம் வாரம் ஒரு முறை எடுத்தவனிடமிருந்து வேறுபட்டிருக்கும். புகை, மது, உடல் எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தார்கள்தான். கேள்வித்தாளில் கேட்காததை எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது.

2ஜி காலத்துச் சரிவு

ஆய்வை மூன்று காலங்களாகப் பிரித்தபோது ஒரு போக்கு தெரிந்தது. 2005 முதல் 2007 வரையில் தொடர்பு வலுவாக இருந்தது. 2008 முதல் 2011 வரை தளர்ந்தது. 2012 முதல் 2018 வரை மேலும் தேய்ந்துவிட்டது. ஆய்வாளர்கள் இதை 2ஜியிலிருந்து 3ஜி, 4ஜிக்கு மாறியதோடு பொருத்திப் பார்த்தார்கள். 2ஜி கைபேசியின் உச்ச சக்தி 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட். நேரத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டும் அனுப்புவதால் சராசரி கால் வாட். 3ஜி கைபேசி தன் சக்தியை நொடிக்கு 1,500 முறை சரிசெய்துகொள்ளும். நடைமுறை அழைப்பில் அது 2ஜியைவிட 100 மடங்குக்கும் மேல் குறைவாகவே அனுப்புகிறது. சக்தி குறைந்தது, விளைவும் குறைந்தது என்றால் கதிர்வீச்சு மீதான சந்தேகம் வலுக்கிறது. அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இந்தியாவில் சாதாரண பட்டன் போன்களுக்காக 2ஜி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் இது நமக்குப் பழங்கதையும் அல்ல.

ஆனால் அதே போக்குக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு. 2005-இல் கைபேசியை அரிதாகப் பயன்படுத்தும் இளைஞன் ஒரு சாதாரண இளைஞன். 2015-இல் அப்படி ஒருவன் அபூர்வம். எல்லோரும் நாள் முழுவதும் பயன்படுத்தத் தொடங்கியபின் ஒப்பிட ஆளில்லாமல் போகிறது; தொடர்பு தானாக மங்குகிறது. அதோடு, 'முறை' என்பதன் உள்ளடக்கமே பேச்சிலிருந்து விரலால் திரையைத் தள்ளுவதற்கு மாறிவிட்டது. இரண்டு வாசிப்புகளில் எது சரி என்று இந்தத் தரவை வைத்தே தீர்மானிக்க முடியாது. என் சாய்வு இரண்டாவதை நோக்கி. காரணம் மீண்டும் பாக்கெட்தான்: முதல் வாசிப்பு சரியென்றால் பாக்கெட் ஏதாவது காட்டியிருக்க வேண்டும்.

சந்தேகம் பிறந்த இடங்கள்

சுவிஸ் ஆய்வுக்கு முன்பே இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. 2005-இல் ஹங்கேரியில் 371 ஆண்களிடம் நடந்த ஆய்வு, கைபேசி வைத்திருக்கும் காலமும் பேசும் நேரமும் கூடினால் வேகமாக முன்னேறும் விந்தணுக்களின் பங்கு குறைவதாகச் சொன்னது. மிகவும் பேசப்பட்டது அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கைச் சேர்ந்த அசோக் அகர்வாலின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு. குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த 361 ஆண்களை, கைபேசி பயன்படுத்தும் நேரத்தை வைத்து நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். பயன்படுத்தாதவர்களின் சராசரி மில்லிலிட்டருக்கு 8.6 கோடி, நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குச் சுமார் 5 கோடி. படிப்படியான சரிவு, பார்த்தவுடன் நம்பத் தூண்டும் வரிசை. ஆனால் பயன்படுத்தாதவர்கள் வெறும் 40 பேர். 2004-05-இல் நாளுக்கு 4 மணி நேரம் கைபேசியில் இருந்தவர் எப்படிப்பட்ட வேலையில் இருந்திருப்பார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார், எத்தனை நெருக்கடியில் இருந்திருப்பார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

பிறகு ஆய்வகம். 2009-இல் அதே குழு 32 விந்து மாதிரிகளைப் பேச்சில் இருக்கும் ஒரு கைபேசியிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி ஒரு மணி நேரம் வைத்தது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சேதப்படுத்தும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிகுவது) கூடியது, நகரும் திறன் குறைந்தது, டி.என்.ஏ.வில் மாற்றமில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், பிரித்தெடுத்த விந்தணுக்களுக்கு கிலோவுக்கு 0.4 முதல் 27.5 வாட் வரை எஸ்.ஏ.ஆர். கொடுத்தார்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்தன, டி.என்.ஏ.வும் சேதமடைந்தது. 2012-இல் அர்ஜென்டினாவில் 29 பேரின் விந்தணுக்களை வைஃபையில் இணைந்த மடிக்கணினிக்கு அடியில் 4 மணி நேரம் வைத்தபோதும் இதே போன்ற முடிவு வந்தது.

இவை பொய்யல்ல. விந்தணு உண்மையிலேயே ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும் செல். அதன் சவ்வு முழுக்க நிறைவுறா கொழுப்பு. தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளத் தேவையான சைட்டோபிளாசம், அதாவது செல்லின் உட்பொருள், மிகக் கொஞ்சம். ஆனால் 27.5 வாட் என்பது இந்திய வரம்பைப் போல 17 மடங்கு. கண்ணாடித் தட்டில் கிடக்கும் விந்தணுவுக்கு மேலே தோல் இல்லை, தசை இல்லை, வெப்பத்தை எடுத்துச்செல்ல ஓடும் ரத்தமும் இல்லை. பிரித்துக் கழுவிவிட்டால் விந்து திரவத்தின் பாதுகாப்பும் போய்விடும். தட்டில் நடந்தது உடலிலும் நடக்கலாம் என்று ஐயப்படுவதற்கு இவை போதும். நடக்கிறது என்று சொல்லப் போதாது.

மனிதர்களிடம் நேரடியாகப் பார்த்த பிற்கால ஆய்வுகள் அமைதியாக இருக்கின்றன. பாஸ்டனில் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் கருத்தரிப்பு மையத்துக்கு வந்த 153 ஆண்களின் 350 மாதிரிகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வில், பயன்பாட்டு நேரத்துக்கும் பாக்கெட்டுக்கும் விந்தணுவோடு தொடர்பில்லை. 2021-இல் டென்மார்க்கிலும் வட அமெரிக்காவிலும் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த சுமார் 3,100 ஆண்களைப் பார்த்த ஆய்வு இன்னும் நேரடியானது: முன்பக்கப் பாக்கெட்டில் கைபேசி வைத்தவர்களின் துணைவியர் கருத்தரிக்க அதிக காலம் ஆனதா என்றே கேட்டது. ஒட்டுமொத்தமாக இல்லை. உடல் எடைக் குறியீடு 25-க்குக் கீழ் இருந்த ஆண்களிடம் மட்டும் சற்றுத் தாமதம் தெரிந்தது. மெலிந்த உடலில் அலை இன்னும் உள்ளே போகலாம் என்று விளக்கலாம். பல துணைக்குழுக்களைப் பிரித்துப் பார்க்கும்போது ஒன்றில் தற்செயலாக ஏதாவது தட்டுப்படும் என்றும் விளக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2024-இல் வந்த இரண்டு தொகுப்பு ஆய்வுகளில், மனிதர்களைப் பற்றியது விளைவு இல்லை அல்லது மிகச் சிறியது என்றது. ஆனால் அந்தச் சான்றுகள் மிகப் பலவீனமானவை என்றும் சேர்த்தே சொன்னது. விலங்குகளைப் பற்றியது, அலைகளுக்கு உட்பட்ட ஆண் விலங்குகளோடு இணைந்த பெண் விலங்குகளில் கருத்தரிப்பு குறைந்ததைக் காட்டியது. அந்தச் சோதனைகளில் பல, மக்கள் அன்றாடம் சந்திப்பதைவிட மிக உயர்ந்த அளவுகளில் நடந்தவை.

சரிவு முதலில், கைபேசி பிறகு

1992-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, 1940-இல் மில்லிலிட்டருக்கு 11.3 கோடியாக இருந்த சராசரி 1990-இல் 6.6 கோடியாகிவிட்டது என்றார்கள். அந்தக் கணக்கின் முறைகள் பற்றி விவாதம் இன்றும் உண்டு. 2017-இல் ஹாகாய் லெவின் குழுவின் தொகுப்பும் மேற்கத்திய நாடுகளில் 1973 முதல் 2011 வரை அடர்த்தி பாதிக்கும் மேல் சரிந்ததாகச் சொன்னது. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு நடந்தது 1995 ஜூலை 31 அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை அது எல்லோர் கையிலும் இல்லை. சரிவு உண்மையென்றால் அதன் பெரும்பகுதி கைபேசிக்கு முந்தையது. புகை, உடல் பருமன், பிளாஸ்டிக்கிலும் பூச்சிமருந்திலும் உள்ள ஹார்மோன் குலைக்கும் வேதிப்பொருட்கள், கருவிலேயே நேர்ந்த பாதிப்பு ஆகியவற்றை நோக்கித்தான் தேடல் போக வேண்டும்.

அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் ஆணுக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 மதிப்பீட்டில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். இத்தகைய தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் முதலில் மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவள் பெண். அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்ச் சோதனை எல்லாம் முடிந்து, மாமியாரின் பேச்சையும் கேட்டு முடித்த பிறகுதான் கணவனின் விந்துப் பரிசோதனை என்ற பேச்சே எழுகிறது. கைபேசிப் பயம் இந்தத் தாமதத்துக்கு ஒரு புது வசதியைத் தந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். பாக்கெட்டை மாற்றுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, பரிசோதனைக்குத்தான் வெட்கம்.

அந்தப் பரிசோதனை கடினமானதல்ல. 2 முதல் 7 நாள் வரை உடலுறவின்றி இருந்து மாதிரி தர வேண்டும். ஒரே ஆணின் எண்ணிக்கைகூட வாரத்துக்கு வாரம் பெரிதும் மாறும். அதனால் முதல் அறிக்கை குறைவாக இருந்தால் சில வாரங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. காய்ச்சல் வந்து போன பிறகு எடுத்த அறிக்கை இரண்டு மூன்று மாதங்களுக்கு நம்பத்தக்கதல்ல.

இரண்டாவது அறிக்கையும் குறைவு என்றால் ஆண்களுக்கான மருத்துவர் உடலைத் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும். விதைப்பையின் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் வேரிகோசீல், பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு உண்டு. குழந்தையின்மைக்காக வருபவர்களில் அது 40 சதவீதத்தை எட்டுகிறது. தேவைப்படுபவர்களுக்கு அறுவை சிகிச்சையில் சரிசெய்யக்கூடியது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரப் போடப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி இன்னும் கொடியது: வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் சமிக்ஞையை நிறுத்திக்கொள்கிறது, விந்தகம் உற்பத்தியைக் கைவிடுகிறது, எண்ணிக்கை பூஜ்யம் வரைகூட இறங்குகிறது. ஆண்மை கூடும் என்று போடும் ஊசி தந்தையாகும் வாய்ப்பைத் தின்றுவிடுகிறது. இதைப் பற்றி எச்சரிக்கும் குரல், கைபேசி எச்சரிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வெப்பமும் அப்படியே. விந்தகம் உடலை விட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகவே உடலுக்கு வெளியே தொங்குகிறது. 2005-இல் 29 பேரிடம் செய்த சோதனையில், மடிக்கணினியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தபோது விதைப்பையின் வெப்பம் 2.6 முதல் 2.8 டிகிரி வரை ஏறியது. அதில் சுமார் 2.1 டிகிரி, கணினியே இல்லாமல் தொடைகளைச் சேர்த்து உட்கார்ந்ததாலேயே வந்தது. உலைக்கூடத்திலும் உணவகச் சமையலறையிலும் நாள் முழுவதும் நிற்பவர், லாரியின் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்தே இருப்பவர் ஆகியோரிடம் கைபேசி பற்றிக் கேட்பதற்கு முன் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கைபேசியைப் பையில் வைக்க முடிந்தால் வையுங்கள். இயர்போனில் நீண்ட நேரம் பேசும்போது அதை மேசைமேல் வையுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் கைபேசி அதிக சக்தியை எடுக்கும் என்பதால் அங்கே நீண்ட பேச்சைத் தவிருங்கள். செலவில்லாத முன்னெச்சரிக்கைகள் இவை, எதிர்க்க ஒன்றுமில்லை. கைபேசியின் பின்னால் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கருக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். அலையை உண்மையிலேயே பாதி மறைத்தால், கோபுரத்தைத் தொட கைபேசி இன்னும் அதிக சக்தியோடு அனுப்பும் என்று நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க மத்திய வணிக ஆணையமே எச்சரித்திருக்கிறது. புகையை விட்டாலும், ஊசியை நிறுத்தினாலும், எடையைக் குறைத்தாலும் பலனை உடனே எதிர்பார்க்க வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாள் ஆகிறது. அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. ஊசி போட்டவர்களுக்கு இதைவிட நீண்ட காலமும் மருத்துவரின் மேற்பார்வையும் வேண்டும்.

சுவிஸ் குழுவே தன் ஆய்வின் குறையை நன்கு அறிந்திருந்தது. அலைகள் நேரடியாகத் தாக்குகின்றனவா, விந்தகத்தைச் சூடாக்குகின்றனவா, மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கட்டுப்பாட்டைக் கலைக்கின்றனவா என்பது இனிதான் தெரிய வேண்டும் என்று ரஹ்பான் வெளிப்படையாகச் சொன்னார். சுவிஸ் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் நிதியுதவியோடு 2023-இல் அவர்கள் தொடங்கிய அடுத்த ஆய்வு நினைவை நம்பிக் கேட்பதில்லை. பங்கேற்பவரின் கைபேசியில் ஒரு செயலி பதிவாகிறது. பேச்சு எவ்வளவு, இணையம் எவ்வளவு, செய்தி அனுப்புதல் எவ்வளவு என்பதை அது பிரித்துக் கணக்கெடுக்கிறது. உடலுக்குச் சேரும் அலையின் அளவை அதிலிருந்து நேரடியாக மதிப்பிட்டு, அதே ஆணின் விந்தணுவோடு ஒப்பிடுவார்கள்.